நற்கருணை நாதரின் அருகில் நம் குழந்தைகள்

"சிஸ்டர், அங்கே போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?"

சில ஆண்டுகளுக்கு முன் ஞானோபதேச வகுப்பில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. அன்று மாதத்தின் முதல் வெள்ளி. மாலையில் கோவிலில் நற்கருணை ஆராதனை உண்டு, அனைவரும் வரவேண்டும் என்று நாங்கள் அறிவித்து முடிக்கவில்லை, கேள்வி எழுந்துவிட்டது. வகுப்பு முழுவதும் சிரித்தது. நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்த பின் சொல்வதற்கு எங்களிடம் பதில் இல்லை.

உண்மையைச் சொன்னால், அதுவரை நாங்கள் குழந்தைகளை ஆராதனைக்கு அழைத்துச் சென்றோமே தவிர, ஆராதிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அரைமணி நேரம் முழந்தாளில் நிற்க வைத்தோம். பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட நீண்ட செபங்களைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வைத்தோம். திரும்பிப் பார்த்தவளை முறைத்தோம், கொட்டாவி விட்டவளின் பெயரைக் குறித்துக்கொண்டோம். ஆராதனை முடிந்து மணி அடித்ததும் சிறுவர் கூட்டம் வாசலை நோக்கி ஓடிய வேகத்தைக் கண்டபோதாவது நாங்கள் சிந்தித்திருக்க வேண்டும்.

பதில் தெரியாத ஆசிரியர் செய்வதையே அன்று நாங்களும் செய்தோம். கேள்வியை வகுப்பிடமே திருப்பிக் கேட்டோம். "உங்கள் வீட்டில் யார் பக்கத்திலாவது ஒன்றும் பேசாமல் சும்மா உட்கார்ந்திருப்பீர்களா?" சிறிது நேரம் அமைதி. பிறகு கடைசி வரிசையிலிருந்து, வாய் திறந்து அதிகம் பேசாத ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: "எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்லேர்ந்து வந்ததும் வாசப்படியிலே உக்காருவாங்க சிஸ்டர். நான் பக்கத்திலே போய் உக்காந்துக்குவேன். அம்மாவுக்கு அசதியா இருக்கும், பேசமாட்டாங்க. நானும் பேசமாட்டேன். ஆனா எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

நற்கருணை ஆராதனையைப் பற்றி நாங்கள் கேட்ட மறையுரைகள் பல. இத்தனை எளிய விளக்கத்தை எங்கும் கேட்டதில்லை. இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவதும் அந்தக் குழந்தை சொன்னதுதான். ஆராதனை என்பது முதலில் அருகில் இருத்தல். சொற்கள் அதற்குப் பிறகு வருபவை.

ஆராதனை எப்படித் தோன்றியது?

திருப்பலியில் அப்பமும் இரசமும் இயேசு ஆண்டவரின் திருவுடலாகவும் திரு இரத்தமாகவும் மாறுகின்றன என்பது நம் விசுவாசம். திருப்பலி முடிந்ததும் அந்தப் பிரசன்னம் முடிந்துவிடுவதில்லை. அப்பத்தின் வடிவம் இருக்கும்வரை ஆண்டவரும் அதில் இருக்கிறார். ஆகவேதான் எஞ்சிய நற்கருணை பேழையில் பத்திரமாக வைக்கப்படுகிறது. அதன் அருகில் விளக்கு எரிகிறது.

எதற்காக முதலில் அதைப் பத்திரப்படுத்தினார்கள் தெரியுமா? ஆராதனைக்காக அல்ல, நோயாளிகளுக்காக! கி.பி. 155-ஆம் ஆண்டளவில் உரோமை நகரில் எழுதிய புனித யுஸ்தீனு, வழிபாட்டிற்கு வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை எடுத்துச் சென்றதைக் குறிப்பிடுகிறார். மூன்றாம் நூற்றாண்டில் அப்படி எடுத்துச் சென்ற தார்சீசியு என்பவர், தம்மிடமிருந்ததைப் பகைவர்க்குக் காட்ட மறுத்து அடிபட்டு உயிர் துறந்தார். அவர் ஒரு சிறுவர் என்பது திருச்சபையின் மரபு. பீடச் சிறுவர்களுக்கு இன்றும் அவரே பாதுகாவலர்.

ஆகவே நற்கருணைப் பேழையின் முதல் நினைவு, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் நினைவு. இதை நம் பிள்ளைகள் மறக்கக்கூடாது. வரமுடியாதவர்களுக்காகவும் ஆண்டவர் அங்கே காத்திருக்கிறார் என்று அறிந்த மக்கள், அந்தப் பேழையின் முன் தாமும் நின்று வணங்கத் தொடங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரின் துறவி புனித ஜூலியானா, நற்கருணைக்கென்றே ஒரு திருநாள் வேண்டும் என்று பல்லாண்டுகள் ஏங்கி உழைத்தார். 1246-இல் அந்நகர ஆயர் தம் மறைமாவட்டத்திற்கு அத்திருநாளை ஏற்படுத்தினார். 1264-இல் நான்காம் உர்பான் பாப்பரசர் அதைத் திருச்சபை முழுமைக்கும் விரிவாக்கினார். இன்று நம் ஊர்த் தெருக்களில் குடைபிடித்து, பூத்தூவி, மணியடித்துச் செல்லும் நற்கருணைப் பவனியின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு பெண்ணின் விடாத செபம் உலகத் திருநாளாயிற்று என்பதை நம் மாணவியர் பெருமையோடு நினைக்கலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு, "ஆராதனையெல்லாம் பழங்காலத்து வழக்கம்" என்று எண்ணியவர்களும் உண்டு. ஆனால் சங்கம் முடியும் முன்பே, 1965-இல், ஆறாம் பவுல் பாப்பரசர் திருப்பலிக்கு வெளியேயும் நற்கருணையை ஆராதிப்பது நம் விசுவாசத்தின் பகுதியே என்று சுற்றுமடல் வழியாகத் தெளிவுபடுத்தினார். முந்திய ஆண்டுதான் அவர் பம்பாயில் நடைபெற்ற 38-ஆம் அனைத்துலக நற்கருணை மாநாட்டிற்கு வந்திருந்தார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் பாப்பரசர் அவரே. 1973-இல் வெளியான வழிபாட்டு ஒழுங்கு இன்னொரு நல்ல விதியையும் தந்தது: ஆசீர் அளிப்பதற்காக மட்டும் நற்கருணையை எழுந்தேற்றம் செய்யக்கூடாது, இறைவார்த்தைக்கும் பாடலுக்கும் செபத்திற்கும் மௌனத்திற்கும் போதிய நேரம் தரவேண்டும். மௌனமும் வழிபாட்டின் ஒரு பகுதி என்பதைத் திருச்சபையே சொல்லியிருக்கிறது. அதை மறந்து, நாங்கள்தான் ஒவ்வொரு நிமிடத்தையும் சொற்களால் நிரப்பிக்கொண்டிருந்தோம்.

சிறுபிள்ளைகளுக்கு இது புரியுமா?

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. இக்கேள்விக்குத் திருச்சபை 1910-லேயே விடை கூறிவிட்டது. அதற்கு முன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயது ஆனபிறகே புதுநன்மை கொடுத்தார்கள். புனித பத்தாம் பத்திநாதர் 1910 ஆகஸ்டு 8-இல் வெளியிட்ட ஆணையால் அவ்வழக்கம் மாறியது. சாதாரண அப்பத்திற்கும் நற்கருணை அப்பத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குழந்தை உணர்ந்தால் போதும். ஏழு வயதளவில் புதுநன்மை வாங்கலாம் என்றார் அவர். முழு அறிவு வந்த பிறகு ஆண்டவரிடம் வரலாம் என்றால் நம்மில் யார்தான் வரமுடியும்?

பாத்திமாவின் பிரான்சிஸ்கோவை நம் மாணவியர் அறிவார்கள். காட்சி கண்ட மூவருள் ஒருவனான அவன், கோவிலில் "மறைந்திருக்கும் இயேசு"வின் அருகில் தனியாக நெடுநேரம் இருப்பதை விரும்பினான். அவனுக்குப் புதுநன்மை கிடைத்ததோ மரணப் படுக்கையில்தான். 1919-இல் பத்து வயதில் இறந்தான். 2017-இல் புனிதனாக அறிவிக்கப்பட்டான். தோழியர் பள்ளிக்குப் போகும்போது தான் மட்டும் கோவிலில் இருந்துவிடுவான் என்றும் அவன் வரலாறு கூறுகிறது. இதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் யாரும் கணக்குப் பாடவேளையில் கோவிலைத் தேடிப் போகவேண்டாம்! பள்ளி நேரத்தில் படிப்பதும் ஆண்டவருக்கு ஏற்ற காணிக்கையே.

நம் காலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியின் கார்லோ அகூத்திஸ் கணினியை விரும்பிய பள்ளி மாணவன். நாள்தோறும் திருப்பலி கண்டு, நற்கருணையின் முன் அமர்ந்து வந்தான். இரத்தப் புற்றுநோயால் 2006-இல் பதினைந்து வயதில் இறந்த அவனை 2025 செப்டம்பர் 7-இல் திருச்சபை புனிதர் வரிசையில் சேர்த்தது.

முற்காலத்தில் நம் பள்ளிகளில் 'நற்கருணை வீரர்' சபை செயல்பட்டதை நம் பாட்டிமார் நினைவுகூர்வார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் இயேசு சபையார் சிறுவர்க்காகத் தொடங்கிய இயக்கம் அது. செபம் செய், நற்கருணை வாங்கு, தியாகம் செய், ஆண்டவரை அறிவி என்ற நான்கே பாடங்கள். போரால் சிதறிய உலகிற்காகக் குழந்தைகளின் செபத்தை நம்பினார்கள் அன்றைய பெரியவர்கள். இன்று அது நற்கருணை இளையோர் இயக்கம் என்ற பெயரில் பல நாடுகளில் தொடர்கிறது.

கரிசல் காட்டின் விசுவாசம்

வெளிநாட்டுக் கதைகள் ஒருபுறம் இருக்கட்டும். நம் கரிசல் மண்ணுக்கு வருவோம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி பழைய மதுரை மறைபரப்புத் தளத்தின் முக்கியமான ஊர்களுள் ஒன்று. 1711-இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர் தம் தொடக்க ஆண்டுகளில் பணிபுரிந்த இடம் அது. ஆகஸ்டு 15-இல் பரலோக மாதா திருவிழாவிற்கு இன்றும் கரிசல் ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் நடந்து சென்று கூடுகிறார்கள்.

அந்நாளைய நிலையை எண்ணிப் பாருங்கள். குருக்கள் ஒரு சிலரே. ஒரு குருவின் கண்காணிப்பில் சிதறிக் கிடந்த ஊர்கள் பல. சாமியார் வந்து பூசை வைத்தால்தான் நன்மை வாங்கலாம். அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் விசுவாசம் எப்படி அணையாமல் எரிந்தது? உபதேசியார் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார். தாய்மார்கள் விளக்கேற்றிச் செபம் சொன்னார்கள். வாங்க இயலாத நற்கருணைக்காக ஏங்குவதே அவர்களுக்கு ஆராதனையாயிற்று.

2020-இல் தொற்றுநோயால் கோவில் கதவுகள் மூடப்பட்டிருந்த மாதங்களில், அந்தக் காத்திருப்பு எத்தகையது என்பதை நாமும் சிறிது உணர்ந்தோம். கைப்பேசியின் சிறிய திரையில் திருப்பலி கண்டு, ஆசையால் நன்மை வாங்கினோம். கதவுகள் திறந்த பிறகு அந்த ஏக்கம் எங்கே போயிற்று? நடந்து போகும் தொலைவில், கதவு திறந்திருக்கும் கோவிலில், நாள் முழுவதும் ஆண்டவர் தனித்திருக்கிறார். மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், மீன் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் போகும் வழியில் அக்கோவிலைத் தாண்டிச் செல்கிறோம்.

எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அந்தக் கடைசி வரிசைச் சிறுமி சொன்ன பிறகு நாங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். அனுபவத்தில் பயன் தந்தவற்றைப் பெற்றோருக்கும் மாணவியருக்கும் இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, நேரம் சிறிதாக இருக்கட்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். பெரிய வகுப்பினர் பத்து, பதினைந்து நிமிடங்கள் இருக்கலாம். "இன்னும் கொஞ்சம் இருக்கலாமே" என்று பிள்ளை எண்ணும்போதே எழுப்பிவிடுவது நல்லது. அடுத்தமுறை அவளே வருவாள்.

இரண்டாவது, உடலும் செபிக்கட்டும். செருப்பை வெளியே விட்டு, முக்காடிட்டு, தீர்த்தத்தால் சிலுவை அடையாளம் வரைந்து, மெல்ல நடந்து வந்து, முழந்தாள் தரையைத் தொடப் பணியவேண்டும். அவசரமாக முழங்காலை ஆட்டிவிட்டு ஓடுவது வணக்கமாகாது. பிறகு தரையில் சம்மணமிட்டு அமரலாம். கால் வலித்தால் மனம் காலில்தான் இருக்கும்.

மூன்றாவது, கண்ணுக்கு ஒரு வேலை கொடுப்போம். பேழையருகே எரியும் சிவப்பு விளக்கைப் பார்க்கட்டும். "வீட்டில் ஆள் இருக்கிறார்" என்பதற்கு அடையாளம் அது. எழுந்தேற்றம் செய்யப்பட்டிருந்தால் கதிர்ப் பாத்திரத்தின் நடுவிலுள்ள வெண்ணிற அப்பத்தைப் பார்க்கட்டும். சுற்றியுள்ள பொன் கதிர்கள் அழகுதான். ஆனால் ஆண்டவர் இருப்பது அந்த எளிய அப்பத்தில்.

நான்காவது, நான்கு சிறு சொற்கள். வணக்கம், நன்றி, மன்னிப்பு, விண்ணப்பம். "ஆண்டவரே, வந்திருக்கிறேன்" என்பது வணக்கம். இன்று கிடைத்த ஒரு நன்மைக்கு நன்றி. இன்று செய்த ஒரு தவற்றுக்கு மன்னிப்பு. கடைசியாக விண்ணப்பம்; அதில் முதல் விண்ணப்பம் பிறருக்காக இருக்கவேண்டும். எல்லாவற்றையும் தன் வீட்டுப் பேச்சிலேயே சொல்லலாம். கரிசல் காட்டுத் தமிழ் ஆண்டவருக்கு நன்றாகவே புரியும்!

ஐந்தாவது, அதன்பின் மௌனம். பேசவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். அம்மாவின் அருகில் வாசற்படியில் அமர்ந்திருப்பதுபோல் சும்மா இருக்கலாம்.

பராக்கு வராதா என்று கேட்கலாம். கட்டாயம் வரும். நாளைய தேர்வு, தோழியோடு போட்ட சண்டை, பசி, வீட்டில் அப்பா வாங்கிய கடன் என்று ஒவ்வொன்றாக மனத்தில் வந்து நிற்கும். அவற்றை விரட்டிக்கொண்டிருக்கவேண்டாம். வந்ததையெல்லாம் ஆண்டவரிடமே காட்டுவோம். "இதோ, இதுதான் என் தலைக்குள் ஓடுகிறது" என்று சொல்லிவிட்டால் பராக்கும் செபமாகிவிடும்.

நம்மோடு படிக்கும் பிற சமயத்து மாணவியரை நாம் ஆராதனைக்குக் கட்டாயப்படுத்துவதில்லை, கூடவும் கூடாது. அவர்களும் தம் வீடுகளில் விளக்கின் முன் கைகூப்பி நிற்பவர்களே. செபிக்கும் தோழியைக் கேலி செய்யாமலிருக்கவும், செபிக்கும் இடத்தில் அமைதி காக்கவும் நாம் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"சேட்டை செய்தால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி வளர்த்த குழந்தை, அந்தச் சாமியின் அருகில் எப்படி ஆசையோடு போய் உட்காரும்? தவறு செய்த பிள்ளைக்கு "போய் ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லு" என்று தண்டனை கொடுப்பதும் அப்படியே. மருந்தைக் கசப்பாக்கலாம், சோற்றைக் கசப்பாக்கலாமா? செபம் நம் ஆன்மாவின் சோறு.

பிள்ளையை மட்டும் கோவிலுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். தந்தை முழந்தாளில் இருப்பதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு நாங்கள் பத்துப் பாடம் நடத்தவேண்டியதில்லை. வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் இரண்டு நிமிடம் நுழைந்து பணிந்துவிட்டு வாருங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். "அப்பா எதற்கு உள்ளே போனீர்கள்?" என்று பிள்ளை கேட்கும், அந்தக் கேள்வியே ஞானோபதேசத்தின் தொடக்கம்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். ஆராதனை கோவிலோடு முடிந்துவிட்டால் அது அரைகுறை. பீடத்தை அலங்கரித்துவிட்டு, வாசலில் பசித்திருக்கும் ஏழையில் கிறிஸ்துவைக் காணாமல் போகாதீர்கள் என்று நான்காம் நூற்றாண்டிலேயே புனித கிறிசோஸ்தோம் தம் மக்களை எச்சரித்தார். கல்கத்தாவின் புனித தெரேசாவின் சகோதரிகள் 1973 முதல் நாள்தோறும் ஒரு மணி நேர ஆராதனையைத் தொடங்கினார்கள். அதனால் ஏழைகளுக்கான வேலை குறையவில்லை என்று அன்னை அடிக்கடி கூறுவார். நாமும் ஒவ்வோர் ஆராதனைக்குப் பின்னும் ஒரு சிறு செயல் செய்வோம். சாப்பாடு கொண்டுவராதவளோடு மதிய உணவைப் பகிரலாம். காய்ச்சலில் கிடக்கும் தோழிக்குப் பாடக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். வேலை முடிந்து வரும் அம்மாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அங்கே போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

கரிசல் காட்டு விவசாயியின் மகள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வாள். 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வலியுறுத்திவரும் முறைகளுள் ஒன்று, பருவமழைக்கு முன்பே விதைப்பது. நம்மவர் அதைப் புழுதி விதைப்பு என்பர். காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். விதைத்த அன்று ஒன்றும் நடப்பதில்லை. மறுநாளும் நடப்பதில்லை. ஆனால் மழை இறங்கும் நாளில், விதை ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறது. கரிசல் மண்ணோ, ஒருமுறை குடித்த ஈரத்தை நெடுநாள் விடாது.

ஐந்தாம் வகுப்பில் பேழையின் முன் சும்மா உட்கார்ந்த ஐந்து நிமிடங்களும் அப்படியே. அன்று ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். பின்னொரு நாள் வீட்டில் ஒரு மரணமோ, தேர்வில் ஒரு தோல்வியோ, மணமாகிப் போன ஊரில் ஒரு தனிமையோ வரும்போது, எங்கே போய் யார் அருகில் உட்காரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்பு மாணவியரே, இந்த மலரை மூடி வைத்ததும் ஒருமுறை கோவிலுக்குள் சென்று வாருங்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் சென்று வாருங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ஆண்டவர் வீட்டில்தான் இருக்கிறார். நம் குழந்தைகளோடு நாமும் அவர் அருகில் சிறிது நேரம் அமர்ந்திருப்போமாக!